ஒராங்குட்டானும் ஆறாவது அறிவும்

தாகத்தால் தவித்த காகம், குடத்தின் அடியிற் கிடந்த தண்ணீரைக் கல்லிட்டு மேலே கொணர்ந்த கதையை நம் பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே கேட்டு விடுகின்றனர். புங்குடுதீவுப் பிள்ளைக்கு அக்கதையை விளக்க ஆசிரியர் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ஆறும் அருவியும் இல்லாத ஊர். பல கிணறுகளில் உவர்நீர். குடிநீருக்காகக் குடத்துடன் காத்திருந்த அனுபவம் வீட்டுக்கு வீடு உண்டு. நீரின் விலை தெரிந்த மக்களுக்கு அந்தக் காகத்தின் புத்தியும் தெரியும்.

அக்கதைக்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி உண்மையாகவே நடந்திருக்கிறது. ஜேர்மனி நாட்டின் லைப்சிக் நகரிலுள்ள மிருகக்காட்சிச்சாலையில் ஒராங்குட்டான் குரங்குகள் ஐந்தின் முன்னே ஒரு கண்ணாடிபோன்ற குழாய் வைக்கப்பட்டது. அதனுள் சிறிது தண்ணீர். தண்ணீரில் மிதக்கும் ஒரு கச்சான். விரல் விட்டால் எட்டாது. குரங்குகள் என்ன செய்தன? தாம் நீர் அருந்தும் இடத்துக்குச் சென்று வாய் நிறைய நீரெடுத்து வந்து குழாயினுள் உமிழ்ந்தன. நீர் உயர, கச்சானும் உயர்ந்தது. எவரும் கற்றுக்கொடுக்காமலே ஐந்தும் இதைச் செய்தன. 2007இல் விஞ்ஞானிகள் இதனை வெளியிட்டனர்.

சுமாத்திராத் தீவின் காட்டில் 2022 ஜூன் மாதம் கண்டது இதனினும் வியப்பானது. ராக்குஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட ஆண் ஒராங்குட்டான் ஒன்றின் கன்னத்தில் ஆழமான காயம். அது ஒரு கொடியின் இலைகளை மென்று, சாற்றைக் காயத்திற் பலமுறை தடவி, மென்ற இலையையே பற்றுப்போல் அப்பிக்கொண்டது. அக்கொடி அந்நாட்டு மக்கள் மருந்தாகக் கொள்வது. சில தினங்களில் காயம் மூடிவிட்டது.

மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியோர் யாழ்ப்பாணக் குடும்பங்கள் பலவற்றில் இருந்தனர். மலாய் மொழி அறிந்த அவர்களுக்கு இப்பிராணியின் பெயரே பொருள் சொல்லியிருக்கும். 'ஒராங்' என்றால் மனிதர். 'ஊத்தான்' என்றால் காடு. காட்டு மனிதர் என்பதே அதன் பெயர்.

இவற்றையெல்லாம் பாடசாலையிலும் கைத்தொலைபேசியிலும் அறிந்துகொள்ளும் பிள்ளை, "அப்படியானால் மனிதனுக்கும் குரங்குக்கும் என்ன வித்தியாசம்?" என்று வீட்டில் கேட்கத்தான் செய்யும். "அது வெறும் மிருகம், பேசாமல் இரு" என்று வாயை அடைப்பது பதிலாகாது. நம் விசுவாசம் இக்கேள்விக்கு அஞ்ச வேண்டியதுமில்லை.

தமிழர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியம், மனத்தையே ஆறாவது அறிவாகக் கொண்டு அதை மக்களுக்கு உரியதாக்கியது. ஆயினும் அதற்கு உரை கண்ட இளம்பூரணர், கிளி, குரங்கு, யானை முதலியவற்றையும் அவ்வரிசையிற் சேர்த்து எண்ணினார். கண்டதை மறைக்காத நேர்மை அது. ஆதியாகமமும் காட்டு விலங்குகளையும் மனிதனையும் ஒரே ஆறாம் நாளிலேயே படைப்புக்குக் கொண்டுவருகின்றது. மனித உடலின் தோற்றத்தைப்பற்றி ஆராய்வதற்கு இடமுண்டு, ஆன்மாவோ இறைவனால் நேரே படைக்கப்படுவது என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1950இல் எழுதினார். பரிணாமக் கொள்கை வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என 1996இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? 2007இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியைப் பார்ப்போம். இரண்டரை வயதுப் பிள்ளைகள் 105 பேர், சிம்பன்சிகள் 106, ஒராங்குட்டான்கள் 32 ஆகியோருக்கு ஒரே விதமான சோதனைகள் வைக்கப்பட்டன. ஒளித்த பொருளைக் கண்டுபிடித்தல், கூடுதல் குறைவு அறிதல், காரணகாரியம் உணர்தல் ஆகியவற்றில் சிம்பன்சிகள் பிள்ளைகளுக்கு ஈடாக நின்றன. ஒராங்குட்டான்கள் சிறிதே பின்தங்கின. ஆனால் பிறர் செய்வதைப் பார்த்துக் கற்றல், பிறர் காட்டும் குறிப்பை விளங்குதல் என்பவற்றில் பிள்ளைகள் பெற்ற வெற்றி ஏறத்தாழ இரு மடங்கு. தனியே புதிரை அவிழ்ப்பதில் அன்று, பிறரோடு மனங்கலந்து நிற்பதிலேயே மனிதக் குழந்தை முதலில் முந்துகின்றது.

இதற்கும் ஆழமான இடம் ஒன்றுண்டு. ஓநாயைக் கண்ட ஆடு அதைப் பகையென்று உணர்ந்து ஓடுகிறது. விலங்குக்கும் ஒருவகை மதிப்பிடும் ஆற்றலுண்டு என்றார் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவைனாஸ். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நீதி, உண்மை, நன்மை என்பவற்றை அவையாகவே அறிந்து, அவற்றைத் தேடவோ தள்ளவோ கூடியவன் மனிதன். ராக்குஸ் தன் காயத்துக்கு மருந்திட்டது. சிம்பன்சிகள் தம் கூட்டத்தாரின் காயத்தைக் கவனிப்பதும் பதிவாகியுள்ளது. அவற்றைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆயினும் நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்துக் கட்டியது தன் இனத்தை வெறுத்தவனின் காயத்தை. கடந்துபோகவும் அவனுக்கு வழியிருந்தது. இருவர் கடந்தும் போயினர். "நான் என்ன செய்யக் கடமைப்பட்டவன்?" என்று மனச்சாட்சி கேட்கும் அந்த இடத்திலேதான் ஆறாவது அறிவு தன் முழு உருவில் நிற்கின்றது.

இங்கே ஓர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். மனிதனின் மேன்மை அவனது கெட்டித்தனத்திலே என்று நாம் கொண்டால், மேற்சொன்ன ஆராய்ச்சி நம்மை எங்கே கொண்டுபோய் விடும்? கைக்குழந்தையைவிட ஒராங்குட்டான் கெட்டிக்காரன். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையைவிடவும், பெற்ற மகனின் பெயரையே மறந்துவிட்ட ஆச்சியைவிடவும் சில வேளைகளில் அது திறமை காட்டக்கூடும். அவுஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர் பீற்றர் சிங்கர், மிருகங்களின் வேதனையை உலகம் எண்ணிப்பார்க்கும்படி 1975இல் வலுவாக எழுதினார், அது நன்று. ஆனால் தன்னுணர்வையே அளவுகோலாகக் கொண்டு, பிறந்த குழந்தையின் உயிரைச் சில விலங்குகளின் உயிரிலும் குறைவாக மதிக்கும் முடிவுக்கும் அவர் வந்தார். அளவுகோல் தவறினால் முடிவு இப்படித்தான் ஆகும்.

அந்த அளவுகோல் மேல்நாட்டில் மட்டுமா உள்ளது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தொடாத பத்து வயதுப் பிள்ளையை உறவினர் முன் தலைகுனிய வைக்கும் வீடுகளில் இருப்பதும் அதுவேதான். விருந்தாளி வரும்போது அறைக்குள் மறைக்கப்படும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் கண்ணீரிலும் அது இருக்கிறது. 1991இன் இடப்பெயர்வுக்குப்பின் புங்குடுதீவு மக்கள் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறினர். மாதா மாதம் காசு வந்தாலும், நினைவு தப்பிய முதியவரிடம், "அவருக்குத்தான் ஒன்றும் விளங்காதே" என்று பேச்சுக் கொடுக்காமல் விடும் வீடுகளும் உண்டு. அவருக்கு விளங்காவிட்டாலும் நமக்கு விளங்க வேண்டும். இறைச்சாயல் புள்ளி போட்டுக் கொடுக்கப்பட்டதன்று. அவர் அறிவதற்கு முன்னே இறைவன் அவரை அறிந்திருந்தார். அவர் மறந்தபின்னும் மறவார்.

மனிதன் மேலானவன் என்பதால் மற்ற உயிர்கள் அவனுக்கு விளையாட்டுப் பொருளாகி விடுவதுமில்லை. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதன் வைக்கப்பட்டான். ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் திருமுன் தனக்கே உரிய மதிப்புண்டு என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தமது சுற்றுமடலில் போதித்தார். போர்ணியோவிலும் சுமாத்திராவிலும் பாம் எண்ணெய்த் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட, ஒராங்குட்டானின் மூன்று இனங்களும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. நம் நாட்டிலும் 2023இல், பயிரை அழிக்கும் குரங்குகளில் ஓர் இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை பெருஞ் சர்ச்சையாயிற்று. கமக்காரனின் நட்டம் பொய்யன்று. அவன் பயிரைக் காப்பது நியாயம். ஆனால் தேவையின்றி மிருகத்தை வதைப்பது மனித மாண்புக்கே இழுக்கு என்பது திருச்சபையின் போதனை.

நம் முன்னோர் இதை ஏட்டிற் படித்தவர்கள் அல்லர். ஆயினும் யாழ்ப்பாண நாட்டின் தெருவோரக் கேணிகளையும் மடங்களையும் பாருங்கள். அருகே மாடுகளுக்கென ஒரு தண்ணீர்த் தொட்டி. அவை உடம்பு தினவெடுத்தால் உரோஞ்சிக்கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக் கல். யாருடைய மாடு என்று கேட்டுக் கட்டியவை அல்ல அவை. லைப்சிக் குரங்கு நீரைக் கொணர்ந்தது தான் உண்ணும் கச்சானுக்காக. தண்ணீர் அருமையான மண்ணில் வாழ்ந்த அந்த மனிதரோ, நன்றி சொல்லத் தெரியாத வாயில்லாச் சீவனுக்காக நீரைத் தேக்கி வைத்தனர்.

அன்பர்களே, பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை அந்தத் தொட்டியில் இருக்கின்றது. இந்தக் கோடையில் நம் வளவு வேலியோரத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு பாத்திரம் தண்ணீர் வைக்கும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுப்போம். வைத்துவிட்டு வந்து ஆச்சியின் பக்கத்தில் சற்று நேரம் இருந்து கதைக்கவும் சொல்வோம்.