கடல் வயலும் அறமும்

உழாமல், உரமிடாமல், நன்னீர் பாய்ச்சாமல் விளையும் பயிர் பழியற்றதாகிவிடுமா? இராமநாதபுரக் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசி, ஏறத்தாழ 45 நாட்களில் அறுவடைக்கு வருகிறது. மூச்சடக்கி மூழ்கி இயற்கைப் பாசி பறித்துவந்த மகளிர் பலருக்கு அது புதியதொரு பிழைப்பைத் தந்தது. ஆயினும், பிலிப்பைன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட அப்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளங்களைப் போர்த்து மூடியதை 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துரைத்தனர்.

ஏழையின் உலையா, பவளத்தின் உயிரா என வினவுதல் பிழை. பவளம் மாயின் மீன் குறையும். மீன் குறையின் அவ்வுலையே அணையும். பவளத்தினின்று விலகிப் பயிரிடுதலும், இக்கடலுக்குரிய பாசியைப் பேணி வளர்த்தலுமே அறம். அதனால் வருவாய் குறையுமெனில், அக்குறையை அம்மகளிர் மட்டும் சுமத்தல் நீதியன்று. அப்பாசியின் சாரத்தை ஐஸ்கிரீமில் சுவைக்கும் நமக்கும் அதில் பங்குண்டு.