சரக்கின் பிறப்பிடம்

எண்ணெய் விற்கும் நம்மவரிடம், "இது எந்தத் தோட்டத்து எண்ணெய்?" என்று யாரேனும் வினவினால், "மொத்த வியாபாரி தந்தார், நான் விற்கிறேன்" என்பதே விடையாக வரும். விடை பொய்யன்று. ஆயினும் அது போதுமா என்பதே நம் கேள்வி.

2015ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க முடியாது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எழுந்த தீயின் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் வாரக்கணக்கில் மூடிற்று, பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு இந்தோனேசியாவில் எரிந்த நிலம் 26 இலட்சம் ஹெக்டேர் என உலக வங்கி கணக்கிட்டது. செம்பனைக்கும் காகித மரத்துக்கும் இடந்தேடியவர்கள், இலைதழைகள் மக்கிப் படிந்த சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்திருந்தனர். உலர்ந்த அம்மண்ணே விறகாயிற்று. தீ நிலத்தினடியிலும் கனன்றது. நம் கடை டின்னிலிருந்த எண்ணெய்க்கும் அப்புகைக்கும் உறவு இருந்ததா? நாம் கேட்கவில்லை. கேளாதிருந்ததுதான் நம் குறை.

"பல தோட்டத்துப் பழக்குலைகளும் ஒரே ஆலையில் கலந்துவிடுகின்றன, சில்லறைக் கடைக்காரன் எதைக் கண்டான்?" என்பர் சிலர். நியாயமான பேச்சே. ஆனால், வணிகச் சகோதரர்களே, இறைச்சி வாங்கும்போது நாம் இப்படிச் சொல்வதுண்டா? அறுத்தவர் யார், அத்தாட்சி எங்கே என்று விசாரிக்காமல் ஒரு கோழியையும் கடைக்குள் விடமாட்டோம். கைமாறி வந்த சரக்கின் மூலத்தை விசாரிப்பது நமக்குப் புதிதன்று. உணவின் தூய்மைக்காகக் கேட்கும் வாய், அது விளைந்த வழியின் தூய்மைக்காகக் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

கேட்பதற்கு வழியும் உண்டு. செம்பனை எண்ணெய்க்குச் சான்று வழங்கும் வட்டமேசை அமைப்பு 2004இல் தோன்றிற்று. மலேசியா தன் சொந்தச் சான்றிதழை 2020 முதல் கட்டாயமாக்கிற்று. சான்று பெறச் செலவிட இயலாத சிறுதோட்டக்காரரை ஒரேயடியாக ஒதுக்குவது அவர் வயிற்றில் அடிப்பதாகும். ஆகவே எடுத்த எடுப்பில் மறுக்க வேண்டாம், முதலில் கேட்போம். ஒரு கடை கேட்டால் மொத்த வியாபாரி சிரிப்பார். ஒரு தெருவே கேட்டால், அவர் ஆலைக்காரரைக் கேட்பார்.

டின்னுக்குச் சில காசு கூடலாம். அதை நாம் கொடாவிட்டால், காட்டோரத்தில் வாழ்பவரும் புகையில் இருமும் குழந்தையும் கொடுக்க நேர்கிறது. அவர்கள் கொடுத்ததை நம் பேரேட்டில் இலாபமென்று எழுதுவது நாணயமான கணக்காகுமா?