அழுத்திப் பிடித்த கை



போன ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்றிருந்தேன். நம் இளையோர் குழுவிலிருந்து ஒரு தம்பி வந்து கேட்டான்: "ஃபாதர், மெடிக்கல் கேம்ப்புக்கு வரச் சொல்றீங்க. நாங்க டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. அங்க வந்து என்ன பண்றது?" நாற்காலி போடலாம், சீட்டு எழுதலாம் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டோமே என்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. இன்றைய வாசகங்களை எடுத்துப் பார்த்தால், அவனுக்கான பதில் இங்கேயே இருக்கிறது.

முதல் வாசகம் லேவியர் 13ஆம் அதிகாரம். தோலில் தடிப்போ வெண்புள்ளியோ கண்டவர் குருவிடம் போய்க் காட்ட வேண்டும். குரு பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால், கிழிந்த உடையும் கலைந்த தலையுமாகப் பாளையத்துக்கு வெளியே தனியாக வாழ வேண்டும். அன்று அவர்கள் தொழுநோய் என்று சொன்னது, இன்று மருத்துவர்கள் சொல்லும் தொழுநோயை மட்டுமல்ல. பலவகைத் தோல் நோய்கள், துணியிலும் சுவரிலும் படியும் பூஞ்சணம்கூட அதில் அடக்கம். ஒருவரை ஊரைவிட்டு வெளியே அனுப்புகிற அதிகாரம் குருக்களின் கையில்தான் இருந்தது. குருவாக இங்கே நிற்கும் நான் அந்த வரிகளைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வாசிக்கிறேன்.

நற்செய்தியில் மாற்கு சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். இயேசு மனமிரங்குகிறார், கையை நீட்டுகிறார், தொடுகிறார், பிறகுதான் பேசுகிறார். நோய் நீங்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அப்படியானால் அவர் தொட்டது குணமான மனிதரை அல்ல, இன்னும் புண்ணோடு நிற்கிற மனிதரை. அடுத்து, கதை முடிகிற இடம். குணமானவர் ஊருக்குள் போய் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார். இயேசுவோ வெளிப்படையாக ஊருக்குள் நுழைய முடியாமல் ஆளில்லாத இடங்களில் தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

ஊருக்கு வெளியே என்றால் என்னவென்று செங்கல்பட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருமணி என்றாலே நம் பெரியவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். 1924இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமாகத் தொடங்கியது. 1955இல் மத்திய அரசு ஏற்று, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமான நிறுவனமாக்கியது. வீட்டார் கைவிட்டவர்களும், வீட்டாருக்கு அவமானம் வேண்டாமென்று தாங்களே வந்துவிட்டவர்களும் அங்கே இருந்தார்கள். நெடுங்காலம் மருந்தென்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய் ஊசி. போட்டுக்கொள்வதே ஒரு தண்டனை.

ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் அங்கே பொறுப்பில் இருந்தார். தோல் நோயில் பெயர் பெற்றவர், சல்ஃபோன் மருந்துகளைத் தொழுநோய்க்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். 1947இல் அவரைப் பார்க்க வேலூரிலிருந்து இளம் அறுவை மருத்துவர் ஒருவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்தவர், நம்மூர்ப் பிள்ளை என்றே சொல்லலாம். காக்ரேன் தோலிலுள்ள திட்டுகளைக் காட்டிக்கொண்டே நடக்கிறார். பிராண்டின் கண்ணோ நோயாளிகளின் கைகளிலேயே நிற்கிறது. மடங்கிப்போன விரல்கள், குட்டையாகிப்போன விரல்கள். இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்கிறார். எலும்பு மருத்துவம் படித்தவர் நீங்கள், நீங்கள் அல்லவா எனக்குச் சொல்ல வேண்டும் என்கிறார் காக்ரேன். அதுவரை எலும்பு மருத்துவர் எவரும் அந்தக் கைகளைப் பொருட்படுத்தி ஆராய்ந்ததில்லை.

பிராண்ட் ஓர் இளைஞரின் மடங்கிய கையைத் தன் கையில் வாங்கி, முடிந்தவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலமில்லாத கை, லேசாகத்தான் அழுத்தும் என்று எண்ணியிருந்தார். அந்தப் பிடியிலோ அவருக்கே வலித்துவிட்டது. வலித்த அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்தது: இந்தக் கையில் எல்லாம் செத்துப்போகவில்லை, நல்ல தசைகள் உள்ளே இருக்கின்றன. அவற்றின் தசைநாரை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மறுபடி விரியும். பின்னாளில் வேலூரில் நடந்த கை அறுவை சிகிச்சைகள் அனைத்துக்கும் விதை, திருமணியில் கொடுத்த அந்தக் கைதான். தூர நின்று பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது. நாம் கத்தோலிக்கர்கள், அவர்கள் வேறு சபையினர். அதனால் என்ன? அன்றைக்குத் திருமணியில் வாழ்ந்து காட்டப்பட்டது இன்றைய நற்செய்தி.

பிராண்ட் கண்டறிந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் தொண்டர்களுக்கு உதவும். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெடுகிறது, வலி தெரியாமல் போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், முள்ளின் மேல் நடப்பார்கள், தெரியாது. தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் தெரியாது! வேலூரில் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மருந்துச்சீட்டு அது. (வலி தெரியாததைப் பற்றிப் பேசியாயிற்று, அடுத்து நம் மனசாட்சி மரத்துப்போனதைப் பற்றிச் சாமியார் ஆரம்பிக்கப் போகிறார் என்று சிலர் நெளிவது தெரிகிறது. பயப்படாதீர்கள்.)

குருமாணவனாக இருந்த காலத்தில் நானும் இப்படி ஒரு முகாமுக்குப் போனேன். ஓட்டை விழுந்த பாதங்களுக்கென்று செய்த மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுக்கிற வேலை எனக்கு. நான் செய்த முதல் காரியம், கையுறையைத் தேடி மாட்டிக்கொண்டது. வரிசையில் வந்த ஒரு பாட்டி செருப்பை வாங்கவில்லை. என் கையையே பார்த்தார். "செருப்பு தர்றதுக்கு எதுக்குப்பா உறை?" என்றார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான். அந்தப் பாட்டி பல வருடம் முன்பே மருந்து சாப்பிட்டு முடித்தவர். அவரிடமிருந்து தொற்ற எதுவும் இல்லை. எனக்கு அது தெரியும். வகுப்பில் எழுதிக்கூட வைத்திருந்தேன்.

1982 முதல் கூட்டு மருந்து சிகிச்சை இருக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. பெரும்பாலானோர் உடம்பில் இந்தக் கிருமிக்கு இயல்பாகவே எதிர்ப்பு உண்டு. இவ்வளவும் தெரிந்த நாட்டில், தொழுநோய் வந்தவரை விவாகரத்து செய்யலாம் என்ற சட்டவிதி 2019இல்தான் நீங்கியது. மருந்து வந்து முப்பத்தேழு வருடம் கழித்து.

சரி, நம் முகாமுக்கு வருகிறேன். நாம் போகிற இருளர் குடியிருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாவப்பட்ட மக்களுக்கு உதவப் போகிறோம் என்ற நினைப்போடு யாராவது வேனில் ஏறினால், இதைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள்ளே 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972இன் வன உயிர்ச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று, கைத்தொழில் போன குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தது அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராவதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக இவர்கள் கையால் எடுத்தது. நாளை உங்கள் பிள்ளையை வயலில் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தால், அந்தக் குப்பிக்குப் பின்னால் ஓர் இருளரின் கை இருக்கும். யார் யாருக்கு மருத்துவ உதவி செய்கிறார்கள் என்பது எனக்கே குழப்பம்தான்.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்குப் பதில். மருத்துவர்கள் ஊசி, மருந்து எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் வருகிறவர்களின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். தோலில் நிறம் மங்கிய திட்டு இருந்தால், அரிக்கிறதா வலிக்கிறதா என்று கேளுங்கள். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை என்றால் அவரை விடாதீர்கள், நேரே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வலிக்காததை யாரும் தாமாக வந்து காட்டமாட்டார்கள். பழைய நோயாளிகள் சிலரும் வருவார்கள். அவர்கள் பாதத்தை இருபது நிமிடம் சாதாரண தண்ணீரில் ஊற வைத்து, காய்ப்பை மெல்லத் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும். உள்ளங்காலில் புதுக் காயம் இருக்கிறதா என்று நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும், அவர்களுக்குத் தெரியாது. பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேருக்கு நான் பாதம் கழுவுவேன். அவர்கள் எல்லாரும் வீட்டிலேயே நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு வேன் கோயில் வாசலில் நிற்கும். வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின், பழைய பருத்தித் துண்டு, முடிந்தால் அரை லிட்டர் தேங்காயெண்ணெய். அன்பியப் பொறுப்பாளர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள், சாப்பாடு சொல்ல வேண்டும். கையுறைப் பெட்டி டாக்டரம்மாவிடம் இருக்கும். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் மட்டும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.