முதியோர் பேணலும் கூலிப் பணிவிடையும்

பெற்றோரைப் பேணுதல் மக்கட்குரிய கடன் என்பதைப் பாலர் வகுப்புத் தொட்டே நாம் கற்பித்து வருகின்றோம். அதனை மறுத்துரைப்பார் ஒருவரையும் நாம் கண்டதில்லை. ஆயினும், அக்கடனைச் செலுத்துமாறு யாங்ஙனம் என்னும் வினா எழுமிடத்துக் கற்பித்த நாமே திகைத்து நிற்கின்றோம். எண்பது வயதுத் தாய் ஒருத்தி பாரிசவாதத்தால் ஒருபக்கம் செயலற்றுக் கிடக்கின்றாள். மக்கள் மூவருள் ஒருவர் கனடாவிலும் ஒருவர் இலண்டனிலும் உளர். ஊரிலிருக்கும் மகளோ காலை ஏழு மணிக்கே பாடசாலைக்குப் புறப்படும் ஆசிரியை. இவர்கள் கூலி கொடுத்து ஒருவரை அமர்த்தித் தாயைப் பார்ப்பித்தல் தகுமோ? தகுமாயின், எதனை நோக்கி அவரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்? இவ்விரண்டையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி ஆசிரியர்க்கு அயலானதன்று. "சேர், அம்மாவைப் பார்க்க நல்ல ஆளாய் ஒருவரைப் பிடித்துத் தாருங்கோ" என்று வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணாக்கன் தொலைபேசியிலே வேண்டுவது பெரும்பாலும் தன் ஆசிரியரையே. நம் வீடுகளிலும் இதே இடர் உண்டு.

இலங்கையில் 2012 ஆம் ஆண்டு எடுத்த குடிசன மதிப்பீட்டின்படி, அறுபது வயதும் அதற்கு மேலும் உடையார் நூற்றுக்கு 12 பேருக்குச் சற்று மேலாயினர். அதன் பின்னரும் அவ்வீதம் ஏறியே வந்துள்ளது. வடபாலிலே, 1983 தொட்டு 2009 வரை நிகழ்ந்த யுத்தமும் அதனோடு கூடிய புலப்பெயர்வும் இளையோரைக் கடல் கடத்தி, முதியோரை வீட்டுக் காவலுக்கு விட்டுச் சென்றன. ஒரு முற்றத்தைச் சூழ நான்கு குடும்பம் வாழ்ந்த வளவிலே இன்று ஒரு கிழவியும் ஒரு நாயுமே இருக்கக் காண்கின்றோம். பெரியம்மா, சின்னம்மா, மைத்துனி, பேரப்பிள்ளை எனப் பலர் பங்கிட்டுச் செய்த பணிவிடை ஒருவர் தலைமேல் வீழ்ந்தமையே இன்றைய இடருக்கு முதற்காரணம். மக்கள் மனம் கல்லாயினமை அன்று. இதனை நினையாது, "அந்தக் காலத்துப் பிள்ளைகள் அல்லவா பிள்ளைகள்!" என்று பெருமூச்செறிவதால் எவர் படுக்கையும் மாற்றப்படப் போவதில்லை.

அரசினர் 2000 ஆம் ஆண்டிலே 9 ஆம் இலக்கச் சட்டமாக முதியோர் உரிமைகளைக் காக்கும் சட்டத்தை இயற்றினர். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடுதல் ஆகாது என்றும், அவரைப் பராமரித்தல் மக்களின் பொறுப்பு என்றும் அது கூறுகின்றது. தம்மைத் தாமே தாபரிக்க இயலாத பெற்றோர் அச்சட்டத்தின் கீழ் அமைந்த சபையிலே முறையிட்டு மக்களிடமிருந்து தாபரிப்புப் பணம் பெறலாம். நல்ல சட்டமே. எனினும், சட்டம் பணத்தைத் தண்டிக் கொடுக்குமேயன்றி, அப்பணத்தைக் கொண்டு யார் கையால் எவ்வாறு பணி செய்விப்பது என்பதை வகுத்துரைக்க வல்லதன்று. அங்கே தொடங்குவதே அறவாராய்ச்சி.

கூலிப் பணிவிடையை வெறுப்பார் கூறுவது இது: "கடன் என்பது தானே செய்தற்குரியது, காசு கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்வித்தால் அது செலுத்தியதாகாது." இதனை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. தன் சந்தியாவந்தனத்தைக் கூலியாளைக் கொண்டு செய்விப்பான் ஒருவன் உளனாயின் அவனைக் கண்டு நகைப்போம். ஆனால், கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவன் தானே திரியிட்டு ஏற்றாதவழியும் அவ்வுபயம் அவனதே என்கின்றோம். ஆகவே, கடன்களுள்ளே பிறர் கையால் முடிவனவும் உள, முடியாதனவும் உள. பெற்றோர் பேணல் இவ்விரண்டும் கலந்தது. தாயின் வயிறு நிறைதலும், உடல் தூய்மையாதலும், புண் ஆறுதலும் எவர் கையாலும் முடியும். பயின்ற கையால் மகள் கையினும் நன்றாக முடிதலும் உண்டு. அவளை வினவுதலும், அவள் சொல்லைச் செவிமடுத்தலும், தவறு கண்டவிடத்துத் தட்டிக் கேட்டலுமோ மக்களுக்கே உரியன. மேலும், விளக்கு தன்னை ஏற்றினார் யாரென்று அறியாது, தாய் அறிவாள். அவளை ஒரு சொல்லும் கேளாது, வெளிநாட்டிலிருந்தே பேசி முடித்து, திங்கட்கிழமை காலையிலே அறியாத ஒருத்தியைப் பெட்டியோடு வாயிலிலே கொண்டுவந்து நிறுத்துவது, கூலி எத்துணைப் பெரிதாயினும், கடன் செலுத்தியதாகாது என்பதே நம் கருத்து.

இவ்விடத்திலே பலர் நினையாத ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். தந்தையை மகளோ மருமகளோ குளிப்பாட்டுவதைத் தலையாய தொண்டென்று ஊர் புகழும். குளிப்பாட்டப்படுவார் உள்ளத்தை ஊர் அறியாது. முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையிலே நின்று, வேட்டி மடிப்புக் கலையாது வாழ்ந்த ஓர் ஆசிரியர், மருமகள் முன்னிலையில் ஆடை களையப்படும்போது எய்தும் நாணத்தை நினைத்துப் பாருங்கள். அவர் வாய்விட்டுச் சொல்லார். மலசலங் கழித்தற்கு உதவி கேட்க வேண்டுமே என்றஞ்சித் தண்ணீர் குடித்தலைக் குறைத்துக்கொள்வார். அதனால் மலம் இறுகும். சலத்திலே கிருமி பற்றும். காய்ச்சலும் மனத்தடுமாற்றமும் வந்து சேரும். பெரியவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று வீட்டார் சொல்லத் தொடங்குவர். கூலிக்கு வந்த ஓர் ஆண் பணிவிடையாளன் இருந்திருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது. அவனுக்கு அவர் "ஐயா". அவருக்கோ அவன் நாளைக்குப் பந்தியிலே எதிரே நின்று சோறு பரிமாறும் உறவினன் அல்லன். இனி, வேறொரு முதியவள், "பிறத்தியார் கை பட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது, பிள்ளை" என்பாள். இருவர் கூற்றும் சரியே. எவருடைய உடலோ அவரே அதைப்பற்றிச் சொல்லத் தக்கவர்.

அற்றேல், முதியவர் சொல்வதெல்லாம் செய்தே தீரல் வேண்டுமோ எனின், அங்ஙனமன்று. யார் தொடுவது, எந்நேரம் குளிப்பது, எதனை உண்பது, கட்டில் எவ்வறையில் கிடப்பது, மாலையில் விளக்கேற்றித் தேவாரம் கேட்பதா வானொலி கேட்பதா என்பன அவர் வாழ்வைச் சார்ந்தன. அவற்றிலே அவர் சொல்லே முடிவாதல் தக்கது. "மகள் உத்தியோகத்தை விட்டுவிட்டு என்னோடிருக்கட்டும்" என்பதோ மற்றொருவர் வாழ்வைக் கேட்பது. அன்பினால் மகள் தானே அதனைக் கொடுக்கலாம்; கடமையென்று வற்புறுத்தி வாங்கலாகாது. நம் சமூகத்திலே இவ்வற்புறுத்தல் ஆண்மக்கள்மேற் செல்வதில்லை என்பதையும் காண்க. அண்ணன்மார் மூவர் பணம் அனுப்புவர். "நாங்கள் அம்மாவைப் பார்க்கிறோம்" என்று கூறுவோரும் அவரே. இரவு இரண்டு மணிக்கு எழுந்து தாயைப் புரட்டிக் கிடத்திவிட்டுக் காலையிலே வகுப்புக்குச் செல்லும் தங்கை யாதும் கூறாள். அவளுக்கும் ஒரு துணை வேண்டும் என்று கேட்பது தாயைக் கைவிடுதல் ஆகாது.

இனி, தெரிந்துகொள்ளும் முறையை நோக்குவோம். ஆள் தேடுமுன், முதியவரின் ஒரு பகலும் ஓர் இரவும் எவ்வாறு கழிகின்றன என்பதை ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தல் நன்று. எழுதியவுடன் இருவகைப் பணி பிரிந்து தோன்றும். குளிப்பாட்டல், உடுத்தல், ஊட்டல், நடக்கக் கை கொடுத்தல், கூட இருந்து பேசல் என்பன உடற்பணிவிடை. பொறுமையும் தூய்மையும் உடையார் எவரும் பழகிச் செய்யலாம். சலரோகத்துக்கு இன்சுலின் ஊசி ஏற்றல், சலக்குழாயை மாற்றல், ஆழ்ந்த புண்ணுக்கு மருந்து கட்டல், மூக்குக் குழாயால் உணவூட்டல் என்பன தாதித் தொழில். பயிற்சியும் வைத்தியர் மேற்பார்வையும் இன்றிச் செய்தல் கேடு. முதலாவது மட்டும் வேண்டிய வீட்டார் தாதிக்குப் பெருஞ்சம்பளம் கொடுத்து வருந்துவதையும், இரண்டாவது வேண்டிய வீட்டார் சமைக்க வந்த பெண்ணின் கையிலே ஊசியைக் கொடுப்பதையும் காண்கின்றோம். பின்னையது அப்பெண்ணுக்கும் இழைக்கும் அநீதி. கிழவிக்கு வியர்த்து உடல் நடுங்கினால் அது சீனி குறைந்ததன் குறியென்று அவளுக்கு யார் கற்பித்தார்? நம் நாட்டிலே பராமரிப்பாளர் தொழிலுக்கெனத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. அது பெற்றோருட் பலர் இசிரவேல் முதலிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ளார் பெற்றோரைப் பேணுகின்றனர். நம் பிள்ளைகள் அயல்நாட்டிலிருந்து நமக்கு ஆள் தேடுகின்றனர்!

சான்றிதழ் இல்லாதாரிடம் சில கேட்டறியலாம். தானே புரளமாட்டாதவரை எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுவாய் என்று வினவுக. இரண்டு மணிக்கு ஒருமுறை என்பது தாதியர் பழைய கணக்கு. நோயாளியின் தோலையும் மெத்தையையும் பொறுத்து அது மாறும். முதுகின் அடியும் குதிக்காலும் சிவந்திருக்கின்றனவோ என்று நாடோறும் பார்ப்பவரே படுக்கைப்புண் வராது தடுப்பர். கிடந்தபடி ஊட்டாது நிமிர்த்தி இருத்தி ஊட்டுவாரோ, வாதங்கண்ட கையைப் பிடித்திழுத்துத் தூக்காதிருப்பாரோ என்பதும் அறிதற்பாலது.

ஆனால், ஆள் தேடும் வீட்டார் முதலிலே கேட்பது இவற்றை அன்று, "எந்தப் பகுதி? எந்த ஆட்கள்?" என்பதையே. சாதியை விசாரித்து உள்ளே விட்டவர், ஊசியேற்ற அறிவாரோ என்பதை விசாரிப்பதில்லை. மலசலம் எடுக்கும் கை வேண்டும், அக்கை தொட்ட கோப்பை வேண்டாம் என்று புறம்பாக ஒரு தகரப் பேணி வைக்கும் வீடுகள் இன்னும் உள. நாம் இதனை மூடி மறைக்க விரும்பவில்லை. ஒருவர் கையை நம்பித் தாயின் உயிரை வைத்த பின், அதே கையை இழிந்ததென்று எண்ணுவது எந்தச் சைவம்? சைவவுணவு சமைத்தல், விரத நாள் அறிதல் முதலியன முதியவர் விரும்புவனவாயின் அவற்றைக் கேட்டல் முறையே. அவை பழகிக்கொள்ளத் தக்கன. பிறப்பைக் கேட்டலால் யாதொரு புண்ணும் ஆறாது.

மனையகத்துக்குச் சென்று பணிசெய்யும் தாதித் தொழில் இங்கிலாந்திலே தொடங்கிய வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. லிவர்பூல் நகரத்து வணிகராகிய வில்லியம் றத்போன் என்பவர், 1859 இல் இறந்த தம் மனைவியை நோயிலே பேணிய மேரி றொபின்சன் என்னும் தாதியை, அந்நகரத்து ஏழைகளை அவரவர் வீட்டிலே பேணும்படி மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். கைதேர்ந்த அத்தாதி, தாம் கண்ட துயரைத் தாங்கமாட்டாது, சின்னாளிலே விடைதரும்படி வேண்டினார்; றத்போன் தேற்றவே தொடர்ந்து பணியாற்றினார். புளோரன்சு நைற்றிங்கேல் அம்மையார் தாதித்தொழில் பற்றி எழுதிய நூலும் அவ்வாண்டிலே தோன்றியதே. அதனை அவர் தாதியர்க்கென எழுதவில்லை. வீட்டிலே நோயாளரைப் பொறுப்பேற்ற பெண்டிர்க்கென எழுதினார். நாம் அருகிருக்கும்போது நடப்பது, அருகில்லாதபோதும் நடக்கும்படி ஒழுங்கு செய்தலைப்பற்றி அதில் ஓர் அதிகாரமே உண்டு. காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டுச் செல்லும் ஆசிரியைக்கு இதனினும் வேண்டிய அறிவு யாது? மருந்து கொடுத்த நேரம், உண்ட அளவு, சீனி பார்த்த எண், மலம் கழிந்த நாள் என்பவற்றை ஒரு கொப்பியிலே பணிவிடையாளர் எழுதிவைத்தால், மாலையில் வரும் மகளும், கடலுக்கப்பாலுள்ள மகனும், வைத்தியரும் ஒன்றையே படிப்பர். சுவரிலே காணொளிக் கருவி பொருத்தி வெளிநாட்டிலிருந்து பார்த்தலை நாம் அத்துணை விரும்பவில்லை. கிழவி உடை மாற்றுவதை மகன் உத்தியோகசாலையிலிருந்து பார்ப்பது காவலும் அன்று, மரியாதையும் அன்று. பொருத்தியே ஆகவேண்டுமாயின், அவளும் பணிவிடையாளரும் அறிந்து உடன்படல் வேண்டும்.

மறதிநோய் வாய்ப்பட்டார்க்கு இவ்வினவுதல் எங்ஙனம் கூடும் எனின், அறிவு தெளிந்திருக்கும்போதே வினவுதலே வழி. "அப்பா, உங்களுக்கு ஏலாமற் போனால் யார் பார்ப்பது உங்களுக்கு விருப்பம்? வீட்டிலேயா, கைதடி முதியோர் இல்லம் போன்ற ஓரிடத்திலேயா?" என்று கேட்டலை அமங்கலம் என்று அஞ்சுகின்றோம். காணி உறுதி எழுதுவதற்கு மட்டும் அஞ்சுவதில்லை. கேளாது காலம் கடந்துவிடின், அவர் பழைய வழக்கங்களை அறிந்த மகளே பணிவிடையாளர்க்கு ஆசிரியை ஆதல் வேண்டும்: எப்பக்கம் சரிந்து துயில்வார், எப்பெயரால் அழைத்தால் திரும்புவார், எதனைக் கண்டால் அஞ்சுவார் என்பனவெல்லாம் அவளே சொல்லத்தக்கன. களவு போயிற்று என்று அந்நோயாளர் பணிவிடையாளர்மேற் பழிசுமத்தலும் உண்டு. அது நோயின் இயல்பு என்பதறியாது, வந்தவரை உடனே பொலிசுக்கு இழுத்தல் பெரும்பாவம். உண்மையிலே களவு நிகழ்தலும் உண்டாதலின், நகையையும் வங்கிப் புத்தகத்தையும் முன்னரே வேறிடத்து வைத்தலே இருவர்க்கும் காப்பு.

எஞ்சியது பணிவிடையாளர்க்கு நாம் செய்யவேண்டியது. இருபத்துநான்கு மணிநேரமும் ஒருத்தியே விழித்திருக்கவியலாது. இரவிலே பலமுறை எழுப்பப்படுபவள் பகலிலே துயிலல் வேண்டும். கிழமைக்கு ஒரு நாளாவது அவள் தன் பிள்ளைகளிடம் போய்வரல் வேண்டும். சம்பளம், ஓய்வுநாள், செய்யவேண்டிய பணி, செய்யவேண்டாத பணி ஆகியவற்றை முதலிலேயே எழுதி இருபாலாரும் கையொப்பமிடல் நன்று. வீட்டார் அனைவர்க்கும் உடுப்புத் தோய்த்தல் அவள் வேலையன்று. அவள் வீடு செல்லும் நாளில் யார் பார்ப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்தல் வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கென ஆண்டுதோறும் வரும் மகன், அம்மாதத்திலே இரண்டு கிழமை அவளைச் சம்பளத்தோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, அவள் எழுதிய கொப்பியைப் பார்த்துத் தாயின் பணிகளைத் தானே செய்வானாக. குளிப்பாட்ட மட்டும், தாய் விரும்பினால், அயலிலே ஒரு பெண்ணை அழைத்துக்கொள்ளலாம்.