எழுத்தின் சாட்சியம்

ஒருவனுடைய எழுத்து அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லுமா? கடனை எழுதி வைக்கும்படி பணிக்கும் திருமறை வசனமே (2:282) சாட்சிகளையும் அமைத்துக் கொள்ளும்படி பணிக்கிறது. எழுத்து இருக்கையில் சாட்சி எதற்கு என்று கேட்போருக்கு, ஓர் எழுத்து மற்றோர் எழுத்தை ஒத்திருக்கக் கூடும் என்பதே ஃபிக்ஹு அறிஞர்கள் காட்டும் காரணம். ஹனபி, ஷாபிஈ அறிஞர்களுள் பெரும்பாலோர் வெறும் எழுத்தைக் கொண்டு தீர்ப்பளிக்க இசையவில்லை. மாலிகி அறிஞர்களோ, எழுதியவனின் கையை நன்கறிந்தோர் கூறும் சாட்சியத்தைப் பொருள் பற்றிய வழக்குகளில் ஏற்றனர். பிற்கால ஹனபி அறிஞர்கள், தரகரும் நாணய வணிகரும் தம் ஏட்டில் தமக்குப் பாதகமாக எழுதியதை ஏற்கலாம் என்றனர். தனக்கே நட்டம் வரும்படி எவன் பொய்க் கணக்கு எழுதுவான்!

ஹிஜ்ரி 35இல் எகிப்தியர் வழிமறித்துப் பிடித்த கடிதத்தில் கலீபா உதுமான் (ரலி) அவர்களின் முத்திரை இருந்தது. இரு சாட்சிகளைக் கொணருங்கள், அன்றேல் என் சத்தியத்தை ஏற்றுக் கொள்ளுங்கள், கடிதமும் முத்திரையும் புனையப்படக் கூடியவை என்று அவர்கள் எடுத்துரைத்ததாகத் தபரியின் வரலாற்றில் காண்கிறோம். அச்சொல் எடுபடவில்லை, அவர்களின் குருதி சிந்தப்பட்டது.

பிரான்சு நாட்டில் 1894இல் நடந்தது இன்னும் தெளிவான படிப்பினை. ஜெர்மன் தூதரகத்திலிருந்து கிடைத்த ஒரு துண்டுக் கடிதம், இராணுவ இரகசியங்கள் விற்கப்படுவதைக் காட்டிற்று. யூதரான கேப்டன் டிரைஃபஸ் மீது பழி விழுந்தது. எழுத்தை ஆராய்ந்த ஐவருள் இருவர் இஃது அவர் கையென்று கூற மறுத்தனர். மூவர் அவருடையதே என்றனர். அம்மூவருள் ஒருவர், குற்றவாளிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் முறையைக் கண்ட பெர்ட்டில்லோன். உடலளவில் வல்லவர், எழுத்தாராய்ச்சி அவர் துறையன்று. எழுத்து ஒத்திருந்த இடங்கள் டிரைஃபஸ் எழுதியதற்குச் சான்று என்றார் அவர். ஒவ்வாத இடங்களோ, அவர் வேண்டுமென்றே தம் எழுத்தை மாற்றியதற்குச் சான்றாம்! ஒத்தாலும் குற்றவாளி, ஒவ்வாவிடினும் குற்றவாளி எனில், நிரபராதி ஒருவன் எப்படி எழுதியிருந்தால் தப்பியிருப்பான்? எந்த விடை வரினும் ஒரே முடிவைத் தருவதை நாம் அறிவு என்று அழைக்க மாட்டோம்.

எதிர்வழக்காடுவோருக்குக் காட்டாத இரகசியக் கோப்பும் நீதிபதிகளிடம் சென்றது. டிரைஃபஸ் பேய்த் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவ்வெழுத்து எஸ்டர்ஹேசி என்னும் மற்றோர் அதிகாரியின் கையோடு பொருந்துவதை 1896இல் பிக்கார் கண்டார். ஆயினும் 1898இல் வேறு மூன்று நிபுணர்கள் எஸ்டர்ஹேசிக்குச் சாதகமாகவே கூறினர், அவர் விடுதலையானார்! முன்பு எதிராகச் சொன்ன மூவருள் சாரவே என்பார் மட்டும் 1899இல் தம் கருத்து தவறென நீதிமன்றத்திலேயே அறிவித்தார். அந்த நேர்மைக்காக அவரை நாம் மதிக்கிறோம். பெர்ட்டில்லோனின் கணக்கை 1904இல் புவான்காரே உள்ளிட்ட கணித அறிஞர்கள் ஆராய்ந்து தள்ளினர். டிரைஃபஸ் மீதான களங்கம் 1906இல்தான் நீங்கியது.

இக்கலை அன்றைய நிலையில் இல்லை என்பர், மெய்யே. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 86 நிபுணர்களைச் சோதித்தனர். வெவ்வேறு கைகளை ஒரே கையென அவர்கள் பிழையாகச் சொன்னது நூற்றுக்கு ஏறத்தாழ 3. வியாபாரத்தில் இது சிறு நட்டம். சிறைவாசலில் நிற்பவனுக்கோ?

மோசடிப் பத்திரம் எழுதுவோர் தப்பிவிடக் கூடாது என்பதும் நியாயமே. ஆதலால் இக்கலையை நீதிமன்றத்திலிருந்து விரட்டுக என்று நாம் சொல்லவில்லை. நிபுணர் கருத்துக்கு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இடமளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அளிக்கிறது. வேறு ஆதரவுச் சான்று எப்போதும் கட்டாயம் என்ற விதி இல்லையென உச்ச நீதிமன்றம் 1979இல் முராரிலால் வழக்கில் கூறியது. எச்சரிக்கை தேவையென்றும் சேர்த்துக் கூறியது. நாம் இன்னும் ஓரடி முன்செல்வோம். பொருள் பற்றிய வழக்கில் நிபுணர் சொல் போதுமாகலாம். சிறையோ தூக்கோ காத்திருக்கும் வழக்கில் எழுத்தோடு வேறொரு சான்றும் வேண்டும். நிபுணர் தம் காரணங்களை எழுத்து எழுத்தாக விளக்க வேண்டும். அதற்கு மறுப்புரைக்கத் தன் சார்பில் வேறொரு நிபுணரை அமர்த்த வசதியற்ற ஏழைக்கு, அரசே ஒருவரை அமர்த்தித் தர வேண்டும்.