பழைய கையெழுத்தும் பழம்பெருமையும்

தம் குடும்பத்தின் வரலாற்றை அறிய விழைவோர் பெட்டகத்திலுள்ள பழைய ஓலைகளை எடுத்து விரிக்கின்றனர். எழுத்தோ தமிழ், ஆயினும், படிக்க இயலுவதில்லை. எழுத்தாணி கொண்டு எழுதியோர் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் அரவும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. 'எடு' என்பதா, 'ஏடு' என்பதா என்பதை இடம்நோக்கியே துணிதல் வேண்டும். ஐயமின்றித் தெரியும் ஒரு பெயரிலிருந்து தொடங்கி, அதன் எழுத்துக்களைப் பிற சொற்களோடு ஒப்பிட்டுப் பொறுமையாகப் பழகினால் இக்கலை கைவரும்.

ஆனால், ஓலையில் இல்லாத புள்ளியை இடுபவர் நாமே. இங்கேதான் அறப்பிரச்சினை எழுகின்றது. ஓலையில் உள்ளதைப் படிக்கின்றோமா, நாம் விரும்புவதைப் படிக்கின்றோமா?

நம்மிற் பலர் தேடுவது ஓர் உடையாரை அல்லது முதலியாரை. யாழ்ப்பாணத்திலோ மனிதரும் சொத்தாக எண்ணப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேயே. அதற்கு முந்திய ஓலையொன்றில் காணியோடு மனிதரும் கைமாறியிருப்பதைக் கண்டால் நாம் செய்யவேண்டுவது யாது? 'அடிமை' என்ற சொல்லில் ஐயத்துக்கிடமான எழுத்து ஒன்றேனும் இல்லை. அதைப் படிக்கத் தடையாயிருப்பது நமது கண்ணன்று, நமது பெருமையே.

பழைய புண்ணை ஏன் கிளறவேண்டும் என்பாருளர். புண்பட்டோர் அவ்வாறு கூறினால் அதற்குச் செவிசாய்ப்பது நம் கடன். புண்படுத்தியோரின் வழிவந்தோர் கூறினால் அது தற்காப்பேயாகும். அன்றியும், புண் பழையதன்று. அடிமைமுறை ஒழிந்து 113 ஆண்டுகள் சென்ற பின்னரும், 1957இல், தீண்டாமைக் கொடுமைகளைத் தடுக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வேண்டியிருந்தது.

விற்கப்பட்டவர் தமக்கென ஓலை எழுதிவைத்தாரல்லர். விற்றவரின் ஓலையிலேயே அவர் பெயர் கிடக்கின்றது. ஆகவே, அவர் சந்ததியினரின் குடும்ப வரலாறும் நமது பெட்டகத்துள்தான் இருக்கின்றது. அதைப் பூட்டிவைப்பது, அம்மனிதரை இன்னமும் உடைமையாக வைத்திருப்பதேயாகும்.

பாட்டன் செய்த குற்றத்துக்குப் பேரன் குற்றவாளியல்லன். எனினும், பாட்டனின் காணியை உரிமையோடு ஏற்றவன் பாட்டனின் ஓலையையும் முழுமையாகப் படிக்கக் கடமைப்பட்டவன். எழுத்தறிவு என்பது எழுத்தை அறிவது மட்டுமன்று; அறிந்ததை மறையாதிருப்பதுமாகும்.