வாக்குப் பெற்றவர் எளியவராயின்

தண்டத்திற்கு அஞ்சிக் காக்கும் வாக்கு மேலானதா, மானத்திற்கு அஞ்சிக் காக்கும் வாக்கு மேலானதா? அறநூலார்க்கு இது பழைய வினா. புவி வெப்பத்தைத் தணிக்க உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளைக் கருதுங்கால், இவ்வினா ஏட்டைவிட்டு இறங்கி நம் முன்னே வந்து நிற்கின்றது.

1997-இல் கியோத்தோ நகரில் உருவான உடன்படிக்கை, செல்வ நாடுகளுக்குப் புகையின் அளவை வரையறுத்தது. தவறும் நாடு, குறைபட்ட அளவோடு அதில் பத்தில் மூன்று பங்கையும் கூட்டி அடுத்த தவணையில் ஈடுசெய்தல் வேண்டும் என்று பின்னர் விதியும் வகுத்தனர். நடந்தது என்ன? 1990-ஆம் ஆண்டின் அளவில் நூற்றுக்கு ஆறு பங்கு குறைப்பதாக ஒப்பிய கனடா, குறைக்காததோடு கூட்டவும் செய்தது. கணக்குத் தீர்க்கும் நாள் நெருங்கவே, 2011 டிசம்பரில் உடன்படிக்கையினின்றே விலகுவதாக அறிவித்துவிட்டது. தண்டம் இருந்தது, தண்டத்திற்கு உரியவர் அவையில் இல்லை!

எனவே 2015-இல் பாரிசில் கூடியோர் வேறு வழி தேர்ந்தனர். ஒவ்வொரு நாடும் தன் அளவைத் தானே கூறும், ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கும், செய்ததை அவையறியச் சொல்லும், தவறினால் தண்டமில்லை. இறுதி நாளன்று ஒரு சொல்லுக்காகவே அவை காத்திருந்தது. செல்வ நாடுகளின் பொறுப்பைக் கட்டாயமாக்கிய ஆங்கில வினைச்சொல்லை, 'செய்தல் தகும்' என்னும் அளவிற்குத் தளர்த்தினாலன்றி அமெரிக்கா இசையாது என்ற நிலை. தளர்த்தினார்கள். (தமிழில் 'வேண்டும்' என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் போதும், நம் மொழியில் எழுதியிருந்தால் அத்தனை நேரம் காத்திருக்க வேண்டியிராது.) அவ்வாறு தளர்த்தியும், அமெரிக்கா 2020-இல் விலகி, 2021-இல் திரும்பி, 2025-இல் மீண்டும் விலகல் ஆணை பிறப்பித்தது. எனினும் பாரிஸ் வழி வீண் என்று நாம் கூறமாட்டோம். ஒருவர் எழுந்து போனதால் அவை கலைந்துவிடவில்லை.

நம்மை உறுத்துவது பணக்கணக்கே. எளிய நாடுகளுக்காக 2020-க்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டுவதாக, 2009-இல் கோபன்ஹேகனில் செல்வ நாடுகள் வாக்களித்தன. அத்தொகை எட்டப்பட்டதோ 2022-இல். அதிலும் அரசுகளின் வழி வந்ததில் பெரும்பகுதி கடன். தன் அடுப்புப் பொறியால் அயலான் கூரையை எரித்தவன், புதுக்கூரைக்குக் கடன் நீட்டினால் அதனை ஈகை என்போமா?

வாக்குப் பெற்றவன் வலியனாயின் கேட்டுப் பெறுவான். இங்கே வாக்குப் பெற்றோர், அலைக்குச் சில அடி மேலே வாழும் தீவினரும் இன்னும் பிறவாத மக்களும் ஆவர். கேட்க வலியற்றவர்க்குக் கொடுத்த வாக்கு அமானிதத்தை ஒத்தது. அதனைக் கொடுத்தவரின் மானத்தை மட்டும் நம்பி விட்டுவிடல் ஆகாது என்பது நம் துணிபு.

பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர் சிலர் 2019-இல் எழுப்பிய குரலை, வனுவாட்டு நாடு ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றது. அவ்வவையின் வேண்டுகோளை ஏற்று, 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் கருத்துரைத்தது: தட்பவெப்பத்தைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் ஈடு கொடுக்கவும் நேரலாம், உடன்படிக்கைக்கு வெளியே நிற்கும் நாட்டிற்கும் கடமை உண்டு. இதுவும் அறிவுரையே, கட்டளையன்று. ஆயினும் இனியொரு தீவினர் வழக்குரைக்க எழுந்தால், எடுத்துக்காட்ட அவர் கையில் ஒரு தாள் இருக்கின்றது.